நாற்பதா, நூறா?

மருந்துக்கடையில் இன்சுலின் சிரிஞ்ச் கேட்டால் நல்ல கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். "நாற்பதா, நூறா?" என்று கேட்பார். அம்மாவுக்காக முதன்முதலில் கடைக்குப் போன நாளில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டில் இன்சுலினின் பெயர் இருந்தது. காலையில் இத்தனை யூனிட், இரவில் இத்தனை யூனிட் என்று இருந்தது. சிரிஞ்ச் என்ற சொல்லே அதில் இல்லை. கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து அதன் லேபிளைக் கட்டைவிரலால் சுட்டிக்காட்டினார். பிறகு சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சுகளை எடுத்துவைத்து, "இந்தக் குப்பிக்குச் சிவப்பு மூடிதான் சார். ஆரஞ்சு மூடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்" என்றார். பதினோரு ஆண்டுகளாக அம்மாவின் இன்சுலினைக் கவனித்துவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான மருத்துவ அறிவுரை அதுதான்.

காரணம் எளிய கணக்கு. இந்தியாவில் அதிகம் விற்கும் மனித இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கிறது. பத்து மில்லிலிட்டர் குப்பி என்றால் மொத்தம் 400 யூனிட். இன்சுலின் போடப் பயன்படும் ஊசிப் பேனாவுக்குள் வைக்கும் கார்ட்ரிட்ஜிலும், சில புதுவகை இன்சுலின் குப்பிகளிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சின் மேல் அச்சிட்ட கோடுகள் யூனிட்டைக் காட்டுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அவை அளப்பது திரவத்தின் அளவைத்தான். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் அரை மில்லிலிட்டர் வரும். குப்பி நாற்பது வகையாக இருந்தால் அது 20 யூனிட். நூறு வகையாக இருந்தால் அதே அரை மில்லிலிட்டரில் 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு. சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கி, ஆள் நினைவிழந்து விழுவதற்கு அது போதும்.

தலைகீழாக நடக்கும் தவறு இன்னும் நயவஞ்சகமானது. நாற்பது வகைக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சர்க்கரை மெல்ல ஏறும். அடுத்த முறை மருத்துவர் அளவைக் கூட்டுவார், அதற்கடுத்த முறை இன்னும் கூட்டுவார். பிறகு ஒருநாள் வேறு கடையில் சரியான சிரிஞ்ச் கிடைத்துவிடும். சீட்டில் எழுதியிருக்கும் பெரிய அளவு முழுவதும் அன்றுதான் முதன்முறையாக உடம்புக்குள் போகும். யாருமே பிழை செய்யாததுபோல் தோன்றும் ஒரு நாளில் ஆபத்து வந்து நிற்கும்.

இந்த இரட்டை அளவு எங்கிருந்து வந்தது? டொராண்டோவில் 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து இன்சுலின் அடர்த்தி குறைந்தது. சுத்திகரிக்கும் முறை தேறத்தேற 40, 80 என்று அடர்த்தி ஏறியது. பல அடர்த்திகள் ஒரே நேரத்தில் சந்தையில் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம் என்று கண்டு, அமெரிக்கா 1973 முதலும் பிரிட்டன் 1983 முதலும் நூறுக்கு மாறின. நம் நாட்டில் நாற்பது நின்றுவிட்டது, பேனா வந்தபோது நூறும் சேர்ந்துகொண்டது. இரண்டில் ஒன்றை முடிவாக ஓய்வுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்காதவரை, பிழை நேராமல் காப்பது கடைக்காரரின் கேள்வியும் வீட்டில் இருப்பவரின் கண்ணும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோருக்கு இது நிஜமான அபாயம். குப்பிகளைக் கணக்காகக் கொண்டுபோவார்கள். சிரிஞ்ச் பாதியில் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைப்பது நூறு வகைச் சிரிஞ்சுதான், அங்கே யாரும் "நாற்பதா?" என்று கேட்கமாட்டார்கள். எனவே குப்பிகள் தீரும்வரை போதுமான எண்ணிக்கையில் சிரிஞ்சையும் சேர்த்தே பெட்டியில் வையுங்கள். இன்சுலினைக் கைப்பையில் எடுத்துச்செல்ல வேண்டும். விமானத்தின் அடித்தட்டில் போகும் பெட்டிக்குள் உறைந்துபோகலாம்.

சர்க்கரை நோய் என்றால் சாப்பாடு, நடை, மாத்திரை, ஊசி என்றுதான் பேசுகிறோம். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகத் தெரியவந்தது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இவர்களில் ஊசிக்குப் போனவர் உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு சிறிய மருந்துக் கிடங்கு என்பதுதான். கொள்முதல், இருப்புக் கணக்கு, குளிர்பதனம், கருவிப் பராமரிப்பு, கழிவு அகற்றல் எல்லாம் அந்த வீட்டில் நடந்தாக வேண்டும். மருத்துவர் சீட்டில் அளவை எழுதுகிறார். சீட்டுக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள அத்தனையும் குடும்பத்தின் பொறுப்பு. அதற்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை.

இருப்புக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 34 யூனிட். 400 யூனிட் குப்பி பதினோரு நாள் வரும், பன்னிரண்டாம் நாள் பாதியில் நின்றுவிடும். பேனா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் ஊசிமுனை வழியே 2 யூனிட்டை வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும். காற்று போய்விட்டதா, ஊசி அடைத்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நாளைக்கு இரண்டு வேளை என்றால் மாதத்துக்கு 120 யூனிட் இப்படியே போகும். ஒரு கார்ட்ரிட்ஜில் இருப்பதே 300தான். சீட்டில் உள்ள அளவை முப்பதால் பெருக்கி வாங்குபவர்கள் மாதக் கடைசியில் கையைப் பிசைவது இதனால்தான்.

அடுத்தது குளிர்பெட்டி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் வீடுகளில் பலரும் வெப்பத்துக்குப் பயந்து, உறைபெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் அந்த இடம் சில இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடி இருக்கலாம், வேலை செய்யும் என்று நம்ப முடியாது. குப்பையில் போடுவதைத் தவிர வழியில்லை. கதவுத் தட்டு அல்லது காய்கறிப் பெட்டிக்கு மேல்தட்டு நல்ல இடம். பின்சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பழைய இனிப்பு டப்பா ஒன்றில் வைத்துக் கதவில் நிறுத்தியிருக்கிறோம். தயிர்ப் பாத்திரத்தை எடுக்கப் போகும் கை குப்பியைத் தட்டிவிடாமல் இருக்கவும் அது உதவுகிறது.

பயன்பாட்டில் இருக்கும் குப்பி அறை வெப்பத்திலேயே சுமார் நான்கு வாரம் தாங்கும். பெரும்பாலான தயாரிப்புகளில் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். வேலூரிலோ திருச்சியிலோ கத்திரி வெயில் நாளில் அறை வெப்பம் என்பதற்கு அந்தப் பொருள் கிடையாது. குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் மண்பானை கைகொடுக்கிறது. பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. வெளியே அகன்ற சட்டி, உள்ளே சிறிய பானை, நடுவில் ஈர மணல் என்று அமைத்து, உள்பானையில் குப்பியை நீர் படாமல் மூடிவைத்தால் வெளிவெப்பத்தைவிடப் பல டிகிரி குறையும். காற்று உலர்ந்திருக்கும் உள்மாவட்டங்களில் இது நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பலன் குறைவு.

டிசம்பர் மாதம் எங்களுக்கு இன்னொரு விதமான சோதனை. 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2022இல் இலங்கையில் மருந்துத் தட்டுப்பாட்டோடு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாள்களில் இன்சுலின் வைத்திருக்கும் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பதற்றம் புரியும். இங்கே ஓர் ஆறுதலான செய்தி உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தில் இன்சுலினை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். 25 முதல் 37 டிகிரிக்குள் நான்கு வாரம் மாறிமாறி இருந்த இன்சுலின் தன் வீரியத்தை இழக்கவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். எனவே இரண்டு நாள் மின்சாரம் போனது என்பதற்காகக் கையிருப்பு முழுவதையும் கொட்ட வேண்டாம். பெட்டிக் கதவைத் திறக்காமல் இருங்கள். ஐஸ்கட்டியோடு வைப்பதானால் துணியில் சுற்றி வையுங்கள், நேராக ஒட்டிவைத்தால் உறைந்துவிடும். பிறகு சர்க்கரையைக் கூடுதலாகச் சோதித்துப் பாருங்கள். தெளிவான இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கலங்கலான இன்சுலினை உருட்டிய பிறகும் திட்டுத்திட்டாக நின்றாலோ அதைத் தொடவேண்டாம். கலங்கல் வகையைக் குலுக்கக்கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்தால் போதும்.

இனி சுகர் மெஷின். மெஷின் மலிவு, ரத்தத் துளியை வைத்துப் பார்க்க அதில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலை அதிகம். ஒரு நிறுவனத்தின் ஸ்ட்ரிப் இன்னொன்றின் மெஷினில் நுழையாது. மெஷினைப் பரிசாகக் கொடுக்க நினைக்கும் உறவினர்கள், அந்த ஸ்ட்ரிப் அந்த ஊரில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் இப்படி வந்த மூன்று மெஷின்கள் ஸ்ட்ரிப் இல்லாமல் கிடக்கின்றன.

ஸ்ட்ரிப்பின் நுனியில் உலர்ந்த நொதி ஒன்று பூசப்பட்டிருக்கிறது. ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது உண்டாகும் நுண்ணிய மின்னோட்டத்தை மெஷின் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஈரம் பட்டால் நொதி கெடும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி அத்தனை இறுக்கமாக இருப்பது அதனால்தான். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது, சமையலறையில் வைக்கக்கூடாது.

எண்ணை எவ்வளவு நம்பலாம்? மெஷின்களுக்கான சர்வதேசத் தரம் 2013இல் திருத்தப்பட்டது. சர்க்கரை 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது நூற்றில் 95 முடிவுகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது உண்மையில் 200 இருந்தால் மெஷின் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. ஒரே நிமிடத்தில் இரண்டு விரலில் பார்த்து 185, 205 என்று வந்தால் மெஷின் பழுது என்று அர்த்தமில்லை. ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சில மெஷின்கள் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். மாம்பழம் நறுக்கிய கையில் ரத்தம் எடுத்தால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண் எகிறும். ஒரு கோடைக்காலத்தில் அம்மாவுக்குத் திடீரென்று 340 காட்டியது. வீடே பதறியது. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பார்த்தபோது 162. ஸ்பிரிட் பஞ்சால் மட்டும் துடைத்தால் பழச்சாறு முழுவதும் போகாது, தண்ணீரும் சோப்பும் வேண்டும்.

குடும்பம் பல நாடுகளில் சிதறியிருந்தால் இன்னொரு குழப்பம். இந்தியாவில் மில்லிகிராம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் மில்லிமோல். கிள்ளானில் இருக்கும் அத்தை தொலைபேசியில் "எனக்கு ஏழு புள்ளி எட்டுதான்" என்றால் இங்கே கேட்பவர் மிரண்டுவிடுவார். 18ஆல் பெருக்கினால் 140. நான்கு என்று அங்கே சொன்னால் அது 72, கீழ் எல்லையின் ஓரம்.

கையில் ஒட்டும் சென்சார் இந்தக் காட்சியை மாற்றியிருக்கிறது. மயிரிழைபோன்ற ஓர் இழை தோலுக்கடியில் கிடந்து, திசுக்களுக்கு நடுவே ஊறும் நீரில் உள்ள குளுக்கோஸை இரவும் பகலும் அளக்கிறது. பரவலாகக் கிடைக்கும் வகை ஒன்று 14 நாள் வரும். ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அந்த நீருக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். சாப்பிட்டவுடனும் நடந்தவுடனும் சென்சாரும் விரலும் ஒத்துப்போகாததற்கு அதுவே காரணம். அந்தக் கை கீழே அமுங்கும்படி ஒருக்களித்துப் படுத்தால் நீரோட்டம் குறைந்து, இல்லாத தாழ்நிலையைச் சென்சார் காட்டும். வியர்வையில் ஒட்டுப்பசை விட்டுப்போவது நம் ஊர்த் தொல்லை. ஒட்டும் இடத்தைக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகு ஒட்டி, மேலே துணிப்பட்டை போட்டால் பெரும்பாலும் நிற்கும்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் நான் சென்சாரின் பக்கம்தான். அம்மாவுக்குப் பின்னிரவில் வியர்க்கும். புழுக்கம் என்றே நினைத்திருந்தோம். காலையில் விரலில் பார்த்தால் 150, 160 என்று ஒழுங்காகவே இருக்கும். முதன்முறையாக இரண்டு வாரம் சென்சார் ஒட்டியபோது, மூன்று மணிவாக்கில் கோடு 58க்கு இறங்கிப் பிறகு தானாக ஏறுவது தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன் போட்ட கலவை இன்சுலினின் மெதுவான பகுதி உச்சத்துக்கு வரும் நேரம் அது. மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்து இரவு அளவைக் குறைத்தார். வியர்வை நின்றது. ஒரு சென்சாரின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது, மாதம் இரண்டு என்பது இன்னும் எட்டாதது. வசதி இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஓரிரு முறை ஒட்டிப் பார்ப்பதுகூட வீணல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகும் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு இது பெரும் துணை. பள்ளியில் இருக்கும் பிள்ளையின் அளவை அலுவலகத்தில் இருக்கும் தாய் கைப்பேசியில் பார்க்கலாம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் செய்யவேண்டியதை வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட்டும் கடலைமிட்டாயும் கொழுப்பு கலந்தவை, சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இன்சுலினைக் குழாய் வழியே சிறுகச் சிறுக உடம்புக்குள் செலுத்தும் பம்ப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே ஓடுகிறது, நீண்டநேர இன்சுலின் உடம்பில் இருப்பில் இல்லை. குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். பம்ப் வைத்திருப்பவர் எங்கே போனாலும் பேனாவோ சிரிஞ்சோ உடன் இருக்க வேண்டும்.

கடைசியாக ஊசி. ஒரு ஊசியை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று உறையிலேயே எழுதியிருக்கிறது. நடைமுறையில் காசுக்குப் பயந்து நான்கைந்து முறை குத்துகிறார்கள், அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் முனை மழுங்கிய ஊசியால் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியில் வலி தெரியாது என்பதால் கை மறுபடி அங்கேயே போகும். அங்கே போட்ட இன்சுலின் ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. காரணம் தெரியாமல் சர்க்கரை தாறுமாறாக ஆடும் பலருக்கு வயிற்றைத் தடவிப் பார்த்தாலே விடை கிடைக்கும். வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி என்று சுற்றிவந்தால் இது பெரும்பாலும் வராது.

நாளைக்கு இரண்டு வேளை என்றால் ஆண்டுக்கு 730 ஊசிகள். ஸ்ட்ரிப்புக்குக் குத்தும் முனைகள் தனி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் சேரும் ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தி, தனியே ஒப்படைக்கச் சொல்லின. பெரும்பாலான தெருக்களில் அவை காய்கறித் தோலோடுதான் போகின்றன. நாங்களும் முதல் ஆண்டில் மூடி போட்டு, காகிதத்தில் சுற்றி, குப்பைக் கூடையில்தான் போட்டோம்.

ஒருநாள் குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அடுத்த தெருவில் ஊசி குத்திவிட்டது தம்பி. யார் வீட்டு ஊசி என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அன்று மாலையே காலியான பினாயில் பாட்டில் ஒன்றைக் கழுவி, அதன் மேல் பெரிய எழுத்தில் ஊசி என்று எழுதி வைத்தேன். நிறைந்ததும் மூடியைத் திருகி, டேப் ஒட்டி, அவர் கையிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அவர் அதை வண்டியின் முன்பக்கக் கொக்கியில் தனியாக மாட்டிக்கொள்கிறார். இப்போது எங்கள் தெருவில் அந்தக் கொக்கியில் நான்கு வீட்டுப் பாட்டில்கள் தொங்குகின்றன.